எட்டு அங்குல டாப்சோனியனில் கோள்களைப் படமெடுத்தல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மோட்டார் இல்லாத, கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கியில் வானைப் படமெடுக்க முடியாது என்று, வாங்கும் முன்பே பலர் எச்சரிப்பார்கள். நெபுலாக்களையும் விண்மீன் திரள்களையும் பொறுத்தவரை அது சரிதான். ஆனால், மதுரையில் மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நான், கோள்களுக்கு அது பொருந்தாது என்றே சொல்வேன்.

ஆடியின் விட்டம் 203 மி.மீ., குவியத்தொலைவு 1200 மி.மீ. இதில் குவியத்தொலைவை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் ஏஎஸ்ஐ 224 கேமராவையும் பொருத்தினால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.21 வில்விநாடியை (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அடைக்கும். பூமிக்கு அருகில் வரும் காலத்தில் வியாழனின் வட்டு 220 பிக்சல் அகலத்துக்கு விழும். பூமி சுழல்வதால் கோள் படச்சட்டத்தின் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் மறைய 20 நொடி அளவே ஆகிறது. இருந்தும் படம் கலங்குவதில்லை. வீடியோவாகப் பதிவதில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 10 மில்லிநொடி போதும், அதற்குள் கோள் நகர்வது 0.15 வில்விநாடி மட்டுமே என்பதால், அந்த நகர்வு ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே கோளை ஓரத்தில் நிறுத்தி, கையை எடுத்து, குழாயின் அதிர்வு அடங்கியதும் பதிவைத் தொடங்கி, அது கடந்ததும் மீண்டும் தள்ளுகிறேன். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், மூன்று நிமிடத்துக்குள் திரட்டியதை மட்டுமே ஒரு படமாக்க வேண்டும்; அதைத் தாண்டினால் அதன் மேலுள்ள பெரும்புயலான பெருஞ்சிவப்புப் புள்ளியின் விளிம்பு மழுங்கிவிடும். வீடியோத் துண்டுகளை ‘பிப்’ மென்பொருளில் கோள் நடுவில் வரும்படி சீராக்கி, காற்று அமைதியாக இருந்த கணங்களில் பதிந்த ஃப்ரேம்களை மட்டும் ‘ஆட்டோஸ்டாக்கர்ட்’டில் அடுக்கி, ‘ரெஜிஸ்டாக்ஸ்’ஸில் கூர்மையாக்குகிறேன். மூன்றும் இலவசம்.

படத்தின் தரத்தை முடிவு செய்வது கேமராவைவிடக் காற்றும் வெப்பமும்தான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் முன்னிரவு முழுவதும் அனலை வெளியிடுவதால், அந்நேரத்தில் வியாழனின் பட்டைகள் நீருக்கடியில் கிடப்பவைபோல் நெளியும். அதே தொலைநோக்கியில் விடியலுக்கு முன் எடுத்தவை வேறொரு கருவியில் எடுத்தவையோ என்று ஐயுறும்படி இருக்கின்றன. ஆடியின் பின்னால் கணினியின் சிறிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி ஒரு மணி நேரம் ஓடவிடுவதும், மாடிக்குத் தூக்கி வந்த ஒவ்வொரு முறையும் ஆடிகளின் ஒழுங்கைச் சரிபார்ப்பதும் புதிய கேமரா தருவதைவிடக் கூடுதல் பலன் தந்தன.

நம் அகலாங்கு இதற்குப் பெரிய வரம். 2019இல் வியாழனும் சனியும் வானில் தெற்கே தாழ்ந்திருந்தபோது, லண்டனில் அவை அடிவானிலிருந்து 16 பாகை அளவுக்கே எழும்பின. மதுரையில் 57 பாகைக்கு மேல் ஏறின. தாழ்வான கோளின் விளிம்புகளில் காற்று பிரித்துக் காட்டும் சிவப்பு, நீலக் கறைகள் நம்மை அதிகம் தொல்லைப்படுத்துவதில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. கோள் உச்சியை நெருங்கும்போது டாப்சோனியனின் அடித்தட்டைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே, உச்சி தாண்டிச் சற்றுச் சரியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

குறை என்றால் உடன் வந்த ஃபோகசரைத்தான் (குவியத்தைச் சரிசெய்யும் பாகம்) சொல்ல வேண்டும். பார்லோவும் கேமராவும் சேர்ந்த எடையில் அது மெல்ல வழுக்குகிறது. இறுக்கும் திருகைத் தொட்டாலே குவியம் மாறிவிடுகிறது. இரட்டை வேகக் குமிழ் உள்ளதாக மாற்றிய பிறகே சனியின் வளையங்களுக்கு இடையே கருங்கோடாகத் தெரியும் காசினி இடைவெளி தெளிவாகப் பதிந்தது. அந்த இடைவெளியை இப்போது புதிதாகப் படமெடுக்க முனைவோர் சற்றுப் பொறுக்க வேண்டும்: 2017இல் 27 பாகை சாய்ந்து விரிந்திருந்த வளையங்கள், 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டும் நிலைக்கு வந்து, மீண்டும் மெதுவாகத்தான் விரிகின்றன. அதுவரை வியாழனே போதிய வேலை தரும்.