மெத்தென்று இருந்தால் போதுமா? மதுரையில் பைக் சீட் அடித்த அனுபவம்

மெல்போர்னிலிருந்து லீவுக்கு மதுரை வந்தால் நான் காரைத் தொடுவதில்லை. மாசி வீதிகளில் காரை ஓட்டுவதைவிட நடந்தே போய்விடலாம். தம்பியின் 350 சிசி பைக்தான் எனக்கு எல்லாம். வாங்கி வருடங்கள் ஆகிவிட்டதால் என்ஜின் நன்றாக இருந்தாலும் சீட் அமுங்கிப் போய்விட்டது. சிம்மக்கல், தெப்பக்குளம் என்று ஊருக்குள் சுற்றும்போது தெரியாது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டித் தேனியில் போய் இறங்கும்போது இடுப்புக்குக் கீழே ஒன்று இருப்பதே மறந்து போயிருக்கும். அங்கே என் பைக்குக்கு ஆளைப் பார்த்து சீட் செய்து தர முடியுமா என்று ஒருமுறை விசாரித்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் டாலர் கேட்டார்கள், காத்திருக்கவும் சொன்னார்கள். அதே வேலை நம் ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

முதலில் போனது ஒரு ஆக்சஸரீஸ் கடைக்கு. ரெடிமேட் சீட்கள் வரிசையாகத் தொங்கின, கலர் கலராகத் தையல் போட்டு. வருகிறவர்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் புதைந்தால் நல்ல சீட் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உட்காரும்போது உடம்பின் எடை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில் இறங்குகிறது. ஃபோம் ரொம்ப மெத்தென்று இருந்தால் அந்த இரண்டு முனைகளும் சிறிது நேரத்தில் ஃபோமைத் துளைத்துக்கொண்டு அடி பிளாஸ்டிக்கைத் தொட்டுவிடும். கடையில் ஐந்து நிமிடம் சொர்க்கம், செக்கானூரணி வருவதற்குள் நரகம். கொஞ்சம் கெட்டியான, அகலமான சீட்தான் தூரப் பயணத்துக்குத் தாங்கும்.

“எல்லா மாடலுக்கும் இது ஃபிட் ஆகும் சார்” என்றார் கடைக்காரர். வண்டியில் மாட்டிக் காட்டுங்கள் என்றதும், பில் போட்ட பிறகுதான் மாட்டுவோம் என்றார். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் சீட்டின் முன் கொக்கியும் பின் லாக்கும் மாறும். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ரப்பர் கட்டைகள் இருக்கும். அவை சேஸிஸ் மேல் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஆள் எடை முழுக்க லாக்கிலும் கொக்கியிலும் தொங்கும், பிளாஸ்டிக் விரிசல் விடும். ராயல் என்ஃபீல்டு மாதிரி கம்பெனிகள் தங்கள் வண்டிகளுக்கென்றே டூரிங் சீட் விற்கின்றன. அவற்றில் ஃபிட்டிங் தொல்லை வராது. ஆனால் அதிலும் உங்கள் இடுப்பை யாரும் அளந்து பார்த்திருக்கப் போவதில்லை.

சீட்டுக்கு மேலே போடுகிற பேட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெல் பேட் நல்லதுதான், ஆனால் மதுரை வெயிலில் மஹால் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல். மெமரி ஃபோம் சூட்டில் இன்னும் இளகும், குளிரில் இறுகும். இரண்டும் நமக்கு வேண்டாதவை. வலை மாதிரியான மெஷ் கவர் மலிவு, காற்று போகும், மழைத் தண்ணீர் தேங்காது. ஆனால் பிரேக் போடும்போது வழுக்கும். காற்றடைத்த பேட்தான் இவற்றில் உருப்படியானது, அதையும் பலர் பலூன் போல ஊதிவிட்டு ஆடுகிறது என்பார்கள். உட்கார்ந்த பிறகு உங்களுக்கும் சீட்டுக்கும் நடுவே அரை அங்குலம் இருந்தால் போதும். கொடைக்கானல் ஏறுகிறவர்கள் வழியில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். மேலே 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, பேட் தானாகவே உப்பிவிடும்.

கடைசியில் பழங்காநத்தம் பக்கம் ஒரு குஷன் கடைக்குப் போனேன். ஆட்டோ சீட், பஸ் சீட், சோபா எல்லாம் அடிக்கிற கடை. அறுபதை நெருங்கும் ஒரு அண்ணன் தரையில் உட்கார்ந்து ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தார். என்ன மாடல், எவ்வளவு ரூபாய் என்ற பேச்சே இல்லை. “எங்க தம்பி வலிக்குது? நடுவுலயா, ஓரத்துலயா, முன்னாடியா?” என்றார். நடுவில், வால் எலும்புப் பக்கம் வலித்தால் ஃபோம் செத்துப் போயிருக்கிறது. தொடை ஓரம் வலித்தால் சீட் விளிம்பு கூர்மை, அல்லது உட்காரும் இடம் ஒடுக்கம். முன்னால் மரத்துப் போனால் சீட் டேங்க் பக்கம் சரிந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆளை முன்னே தள்ளுகிறது. எனக்கு நடுவிலும் முன்னாலும்.

அடுத்த கேள்வி: “வண்டி யாரோடது?” தம்பியுடையது என்றேன். “அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க. நீங்க பறந்துருவீங்க, வருசம் பூரா உக்காரப் போறது அவருதான?” நியாயம்தான். தம்பி என்னைவிட உயரம் குறைவு. என் கணக்குக்கு ஒரு அங்குலம் ஏற்றியிருந்தால் சிக்னலில் அவன் குதிகால் தரையில் படாது. ஸ்பிளெண்டர் பிளஸ் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், கிளாசிக் 350-க்கு 805. அந்த 20 மில்லிமீட்டர் வித்தியாசத்தையே கால் எட்டாதவர்கள் உணர்வார்கள், ஒரு அங்குலம் என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு, முன்பக்கத்தை அகலமாக்கினாலும் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். எனவே முன்னால் ஒடுக்கம், உட்காரும் இடத்தில் அகலம், உயரம் கூட்டாமல் சரிவை மட்டும் நிமிர்த்துவது என்று முடிவானது. நான் கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. தம்பிக்குத் திருப்தி.

பழைய கவரைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு ஸ்டேப்லர் பின்னாக நெம்பி, குறடால் இழுத்துப் போட்டார். பாதி துருப்பிடித்திருந்தது. உள்ளே ஃபோம் மஞ்சளித்து, நடுவில் இரண்டு பள்ளம், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. “மேல் தையல் வழியா தண்ணி எறங்கிருக்கு” என்றார். ஐப்பசி மழை நின்று நாளாகியும் ஏன் பேண்ட் பின்னால் ஈரமாகிறது என்று தம்பி புலம்பியதன் காரணம் அங்கே தெரிந்தது.

பள்ளத்தை அறுத்து எடுத்துவிட்டு, கெட்டியான ஃபோம் துண்டை சொல்யூஷன் தடவி ஒட்டினார். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், அவசரப்பட்டால் பிரிந்துவிடும். கடைகளில் 32, 40 என்று டென்சிட்டி சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். எண் கூடினால் சீக்கிரம் அமுங்காது, அவ்வளவுதான்; கல் மாதிரி இருக்கும் என்று அர்த்தமில்லை. இதைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஹேக்ஸா பிளேடால் செதுக்கி, கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்த்தார். கடை முழுக்க மஞ்சள் தூள். மேலே மெல்லியதாக மட்டும் ஒரு அடுக்கு மெது ஃபோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ரெக்ஸின் போடாமல், ஃபோமின் மேல் பாலிதீன் பையைச் சுற்றி மாட்டி, “பசுமலை வரை போயிட்டு வாங்க” என்று அனுப்பினார். நான் திருநகர் வரை போய்த் திரும்பினேன். இடது ஓரம் தொடையில் உறுத்தியது. சொன்னதும் சாக்பீஸால் கோடு போட்டு, விரல்கடை அளவுக்குச் சீவிவிட்டார். அடைத்த பெட்டியில் வரும் எந்த சீட்டிலும் இந்த வசதி கிடையாது.

பின் சீட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அம்மா சேலையில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். பின்பக்கம் உயர்த்திய, குழிவான ஸ்டைல் சீட் என்றால் அவர் கதி அதோகதி. தட்டையாக, அகலமாக விடச் சொன்னேன். சீட்டின் குறுக்கே இருந்த பிடி வாரைக் கடை அண்ணன் வழக்கம்போல எடுத்துவிடப் பார்த்தார், நான் விடவில்லை. பின்னால் உட்காருகிறவருக்குப் பிடிமானம், கால் வைக்கும் இடம், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கார்டு மூன்றும் கட்டாயம் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

ரெக்ஸினில் தையலை மேலே வைக்காமல் ஓரத்துக்கு இறக்கி, கவருக்கு அடியில் ஒரு பாலிதீன் ஷீட்டும் போட்டார். சாயங்காலம் என்று சொன்னது மறுநாள் மத்தியானம் ஆனது. வால் பக்கம் தையல் ஒரு இடத்தில் கோணல். மொத்தம் 1,600 ரூபாய். அதன் பிறகு தேனி போனேன். மரத்துப் போகவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டியிருந்தது. எந்த சீட் போட்டாலும் அது வேண்டியதுதான்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த வேலையைக் கிளம்புகிற வாரத்துக்கு வைக்காதீர்கள். புது ஃபோம் ஓட ஓடக் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஒருமுறை கடைக்குப் போக நேரலாம். பணம் கொடுக்க, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமீரகம் உட்படச் சில நாட்டு மொபைல் எண்களோடு இணைந்த, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளுக்கு 2023 முதல் யுபிஐ அனுமதி உண்டு. உங்கள் வங்கி தருகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் தேதியையும்தான். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.