சீனாவுக்கு எல் விசாவா, எம் விசாவா?

பெருஞ்சுவரையும் ஷாங்காயையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம் என்றால் சுற்றுலாவுக்கான எல் விசா போதும். போய்வர விமான முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, பயணத்திட்டம் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

சரக்கு வாங்கப் போகிறவர்கள் எம் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கும் இதுதான். இதற்குச் சீன நிறுவனமோ கண்காட்சி அமைப்பாளரோ தரும் அழைப்புக் கடிதம் தேவை. அது வந்துசேர நாளாகலாம். கண்காட்சி வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை நடக்கும். அதனால் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். கடிதம் கேட்கும் சிரமத்துக்காகச் சுற்றுலா விசாவில் போய் வியாபாரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லையில் பயண நோக்கத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்ல முடிய வேண்டும்.

எம் விசாவில் போனாலும் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அதற்கு இசட் விசா.

அப்புறம், எந்த விசாவானாலும் எத்தனை நுழைவு என்று பாருங்கள். குவாங்சோவிலிருந்து ஹாங்காங் போனாலே சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவில் திரும்ப உள்ளே வர முடியாது.