காது மெசினோடு ஏழு வருடம்: கேட்கிறது, விளங்குகிறதா?

புதுக்குடியிருப்பில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். வலது காதுக்கு மெசின் போட்டு ஏழு வருடம், இடது காதுக்கு ஐந்து வருடம். காதுக்குப் பின்னால் கொழுவி, அச்செடுத்துச் செய்த மோல்டைக் காதுக்குள் செருகுகிற வகை. மெசின் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு அலுமாரிக்குள் போட்டு வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: போட்டால் பழையபடி கேட்குமா? அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

2009இல் ஷெல் விழுந்த நாட்களுக்குப் பிறகு காதுக்குள் ஓயாத இரைச்சல். உயிரோடு வெளியில் வந்ததே பெரிது என்றிருந்த நேரத்தில் காதைப் பற்றி யார் யோசித்தது. பிறகு ஒன்பது வருடம் "கேட்குது, விளங்கேல்லை" என்று சொல்லிச் சொல்லியே போனது, வீட்டில் அதை நம்பவும் இல்லை, ஏனென்றால் மழை இரைவது எனக்குக் கேட்கும், நாய் குரைப்பது கேட்கும், மகள் அடுப்படியில் நின்று "சட்டியை இறக்கவோ" என்றால் மட்டும் கட்டியா பெட்டியா என்று தடுமாறுவேன்.

காரணம் 2018இல் சோதித்தபோதுதான் தெரிந்தது. சத்தம் வராத அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, 'கீ' என்று கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தாளில் என் கோடு இடப்பக்கம் மேலே நின்றது, வலப்பக்கம் மணல்மேடு சரிந்த மாதிரி இறங்கியது. ஹேர்ட்ஸ் கூடக் கூட ஓசை கூர்மை, டெசிபெல் கூடக் கூடச் சத்தம் பெரிது. 500 ஹேர்ட்ஸ் ஓசை எனக்கு 30 டெசிபெலில் கேட்டது, 4000 ஹேர்ட்ஸுக்கு 70 வேண்டியிருந்தது. அதாவது தடித்த ஓசைகள் ஓரளவு கேட்கும், கூர்மையான ஓசைகள் கேட்காது. பேச்சில் பலம் இருப்பது ஆ, ஊ, ஓ போன்ற உயிரெழுத்துகளில், அவை தடித்த பக்கம். ச, த, ப, க எல்லாம் நொடிப்பொழுதில் வந்து மறைகிற மெல்லிய ஓசைகள், அவற்றில் பல கூர்மையான பக்கம். ஆனால் சட்டியா கட்டியா என்று பிரித்துக் காட்டுவதே அவைதான். அதனால்தான் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. உள்காதில் ஓசையைப் பிடிக்கிற மயிர்க்கலங்கள் ஒரு காதுக்குப் பதினையாயிரம் அளவில்தான், பெருஞ்சத்தத்தில் செத்தவை திரும்ப முளைப்பதில்லை. அந்தத் தாளைப் பார்த்து நான் அழுதேன். ஒன்பது வருடமாகச் சொன்னது பொய்யில்லை என்று அதில் கோடாகக் கிடந்தது.

அதற்கு முன்பே ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து விற்ற மலிவான கருவி ஒன்றில் ஏமாந்திருந்தேன். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகக் கூட்டுவது. என் காதுக்கோ தடித்த பக்கம் போதும், கூர்மையான பக்கம்தான் போதாது. இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் மாதிரிக் காதுகளுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களுக்குப் போலவே குத்தும். மூடி ஒன்று விழுந்தால் தலைக்குள் ஆணி அறைந்த மாதிரி இருக்கும். ஓடியோகிராமை, அதாவது நான் சொன்ன அந்தக் கோட்டுத் தாளைப் பார்த்துக் கணினியில் அளவு வைத்துத் தராத எதையும் வாங்காதீர்கள்.

சரி, நல்ல மெசின் போட்ட முதல் நாள் எப்படி இருந்தது? கொடுமையாக இருந்தது. சேலைத்தலைப்பு உரசுவது, கத்தரிக்கோல் துணியில் ஓடுவது, என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது. பலர் இந்த இடத்தில்தான் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மூளை பல வருடமாகக் கேட்காத ஓசைகளைத் திரும்பப் பழக வேண்டும், அதற்குக் கிழமைகள் இல்லை, மாதங்கள் எடுக்கும். நான் முதலில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம், பிறகு நாலு என்று கூட்டினேன். மகள் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த ஆறு ஓசையும் பேச்சின் தடித்த முனையிலிருந்து கூர்மையான முனைவரை பரவி நிற்பவை. 'ஸ்' எனக்கு வர நாலு மாதம் ஆனது. இப்போதும் காலையில் அதைச் செய்துதான் மெசின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

பராமரிப்பு பற்றி. பட்டரி ஆரஞ்சு நிற 13ஆம் இலக்கம், எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வரும். காற்றுப் பட்டால் வேலை செய்கிற பட்டரி அது, ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். வன்னி வெயிலுக்கு வியர்வைதான் பெரிய எதிரி. இரவில் பட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். மெசினையும் மோல்டையும் இணைக்கிற குழாய் விறைத்துப்போனால் மாற்ற வேண்டும். மோல்ட் தளர்ந்தால் விசில் அடிக்கும், அப்புறம் புதிதாக அச்செடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது காதுக்குப் போட்ட பிறகுதான் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் சைக்கிளில் போகிறவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. பணம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள்.

மெசினால் முடியாதது சனக்கூட்டம். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலில் ஒலிபெருக்கியும் ஆட்களும் சேர்ந்தால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. வீட்டிலும் தையல் மெசின் ஓடும்போது அளவு சொன்னால் முப்பத்தாறா முப்பத்தெட்டா என்று குழம்பும், ஆகவே காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, நான் திருப்பிச் சொல்லி, எழுதிய பிறகுதான் துணியை வெட்டுவேன்.

முகம் என்றதும் சொல்ல வேண்டும். நாங்கள் காதால் மட்டும் கேட்பதில்லை. 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர் காட்டியது இது: 'ப' என்ற ஓசையைப் போட்டு, 'க' என்று அசைகிற வாயைக் காட்டினால் பலருக்கு 'த' என்று கேட்கும். நல்ல காதுள்ளவர்களுக்கே அப்படி. 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது நான் இரண்டாம் முறை செவிடானேன். கனடாவில் இருக்கிற தங்கச்சியோடு சாதாரணத் தொலைபேசியில் பேசினால் பாதிதான் விளங்கும். பழைய தொலைபேசி வழி 3400 ஹேர்ட்ஸோடு ஓசையை வெட்டிவிடும், எனக்கு வேண்டியதில் கொஞ்சம் அதற்கு மேலே போய்விடுகிறது. வீடியோவில் வாயைப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் கதைப்போம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கத்தாதீர்கள். கத்தினால் கூடுவது ஆவும் ஓவும்தான், ச வும் த வும் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திருப்பாமல் வேறு மாதிரிச் சொல்லுங்கள். 'சட்டி' பிடிபடாதவளுக்கு 'கறியை இறக்கவோ' என்றால் உடனே விளங்கும். தயவுசெய்து "ஒண்டுமில்லை, விடுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லோரும் சிரித்த பிறகு என்னவென்று கேட்டு, அந்தப் பதிலை வாங்குவது மாதிரி ஆளைத் தனியாக்குவது வேறில்லை.

என் மகள் முன்பு அதைச் சொல்லுவாள். இப்போது அடுப்பைத் தணித்துவிட்டு, முன்னால் வந்து, "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று தொடங்குகிறாள்.