மேல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொள்ளப் போகிறீர்களா? நான்காவது குழாயைப் பற்றிக் கேளுங்கள்

சென்ற ஆண்டு என் மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்து, அதாவது வேர்களுக்குள் நரம்பு ஓடும் குழாய்களைச் சுத்தம் செய்து மருந்து அடைத்து, கேப் போட்டார்கள். அதன் பிறகு 11 மாதங்கள் அந்தப் பக்கம் எதையும் கடிக்க முடியவில்லை. ஈறில் ஒரு சீழ்க் கொப்புளம் வருவதும் உடைவதுமாக இருந்தது. கேப் பழக வேண்டும் என்றார்கள், பிறகு ஈறுக் கோளாறு என்றார்கள், மூன்று முறை ஆன்டிபயாடிக் எழுதினார்கள், கடைசியில் பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். எக்ஸ்ரே நகலைக் கேட்டதும் தர மறுத்தார்கள்.

வேறு ஊரில் ரூட் கெனால் நிபுணர் ஒருவர் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து, வேரின் குறுக்குவெட்டைத் திரையில் காட்டினார். கன்னப் பக்கத்து முன்வேரில் மருந்து அடைத்த குழாய் வெள்ளைப் புள்ளியாகவும், அதற்கு உட்புறம், அண்ணத்தை நோக்கி, யாரும் தொடாத இன்னொரு குழாய் கறுப்புப் புள்ளியாகவும் தெரிந்தன. இந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள் என்பதால் மூன்று குழாய்களோடு நிறுத்திவிடுகிறார்கள்; ஆனால் அந்த முன்வேரில் இரண்டாவது குழாய் இருப்பதுதான் அதிகம். அதன் வாய் மிகச் சிறியது, பல்திசுவின் ஒரு மேட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஒன்றாகவே தெரியும், கோணத்தைச் சாய்த்து எடுத்தால்தான் பிரியும்.

அவர் கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பை எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் அந்த மேட்டை அதிவேகமாக அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் சிறிது சிறிதாகச் செதுக்கினார். குழாய்களைக் கழுவும் ஹைப்போகுளோரைட் திரவத்தை விட்டதும் ஓரிடத்தில் மட்டும் நுண்குமிழிகள் எழுந்தன. குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற மெல்லிய ஃபைல் அங்கேதான் இறங்கியது. சில வாரங்களில் கொப்புளம் மறைந்தது, பல் பிழைத்தது.

அந்தக் குழாய் தேர்ந்தவர்கள் கைக்கும் தப்புவதுண்டு, அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வலி தொடர்ந்த பிறகும் மறுபடி தேடிப் பார்க்காமல் பிடுங்கச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை குழாய்கள் கிடைத்தன, மூன்றுதான் என்றால் நான்காவதை எதைக் கொண்டு தேடினீர்கள் என்று கேப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். பிடுங்கச் சொன்னால் முதலில் ஒரு ரூட் கெனால் நிபுணரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே நகலைப் பணம் கட்டும் அன்றே வாங்கிவிடுங்கள். எழுத்து மூலம் கேட்டும் என்னுடையது கைக்கு வர இரண்டு மாதங்கள் ஆயின.