கிறிஸ்டி தீர்ந்த பிறகு யார்? பிரிட்டிஷ் நூலகத்தின் துப்பறியும் வரிசை

அகதா கிறிஸ்டியை ஒன்றுவிடாமல் படித்துவிட்ட நண்பர் ஒருவர், அடுத்து யாரைப் படிக்கலாம் என்று கேட்டார். பழைய துப்பறியும் நாவல்களைப் பிரிட்டிஷ் நூலகம் மறுபதிப்பாக வெளியிடும் 'கிரைம் கிளாசிக்ஸ்' வரிசையைச் சொன்னேன். "கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?" என்றார். கூடவே கூடாது. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவதுதான் இன்னும் ஆபத்து.

காரணம் அட்டை. அந்தக் காலத்து ரயில்வே விளம்பரச் சுவரொட்டிகளின் பாணியில் கடலும் குன்றும் கிராமத்துத் தேவாலயமும். பார்த்ததும் பெட்டி கட்டத் தோன்றும். ஆனால் அருமையான கதைக்கும் சவசவக் கதைக்கும் ஒரே பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டால் வாசகன் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பான்? பல வருடங்களாக இந்த வரிசையைப் படிக்கிறேன். இந்த எரிச்சல் மட்டும் தீரவே இல்லை.

ஜான் பியூட் எழுதிய 'தி லேக் டிஸ்ட்ரிக்ட் மர்டர்' (1935) ஒன்று போதும். கராஜ் நடத்துபவர் தன் காருக்குள் இறந்துகிடக்கிறார், பார்வைக்குத் தற்கொலை. தொடக்கம் பிரமாதம். அப்புறம் இன்ஸ்பெக்டர் மெரெடித் பெட்ரோல் லாரிகளின் பின்னால் கணக்குப் போடுகிறார், போடுகிறார், போட்டுக்கொண்டே இருக்கிறார். ஏரிகளைப் பார்க்கலாம் என்று போனவனுக்குக் கிடைத்தது லாரிகளின் தரிசனம்.

ஆனால் கணக்கு என்றாலே அலுப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ரயில்வே பொறியாளராக இருந்து எழுத வந்த ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ், கால அட்டவணைக்கும், 'கொலை நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன்' என்று ஜோடிக்கும் சாட்சியத்துக்கும் பேர்போனவர். அவருடைய 'தி 12.30 ஃப்ரம் கிராய்டன்' (1934) நாவலில் விமானத்தில் போகும் முதியவர் பிணமாகத்தான் தரையிறங்குகிறார். உடனே கதை பின்னோக்கிப் போய்க் கொலைகாரனின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தொழிற்சாலை நொடிக்கிறது, பணம் வேண்டும், மாமாவிடம் பணம் இருக்கிறது. அவன் போடும் ஒவ்வொரு கணக்கும் நம் வயிற்றைக் கலக்குகிறது.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த புதையல் ஈ.சி.ஆர். லோராக். இயற்பெயர் எடித் கரோலின் ரிவெட். 1958இல் இறக்கும்வரை எழுதிக் குவித்தார், பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டார். 'மர்டர் பை மேட்ச்லைட்' (1945) தொடங்கும் விதத்தைப் பாருங்கள். போர்க்கால லண்டன், விளக்குகள் அணைக்கப்பட்ட இரவு, ரீஜன்ட்ஸ் பூங்காவில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். இருட்டில் யாரோ தீக்குச்சி உரசுகிறார். அந்த வெளிச்சத்தில் ஒரு முகம். அதற்குப் பின்னால் இன்னொரு முகம். குச்சி அணைகிறது. ஏதோ விழும் சத்தம். இருட்டடிப்பு இல்லாவிட்டால் இந்தக் கொலையும் இல்லை, இந்தக் கதையும் இல்லை. இடத்தையும் காலத்தையும் அந்த அளவுக்குக் கதைக்குள் பின்னிவிடுகிறார். 'ஃபெல் மர்டர்' (1944) லங்காஷயரின் பண்ணைக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. அங்கே விசாரணைக்கு வரும் மெக்டொனால்டு அலட்டிக்கொள்ளாத மனிதர். நிலத்தையும் மாட்டையும் பற்றிப் பேசவிட்டே ஆட்களை எடைபோடுகிறார். கொலையாளி யார் என்பதைச் சில நாவல்களில் பாதியிலேயே ஊகித்துவிடலாம். நான் ஊகித்தேன். அதற்காகப் புத்தகத்தை மூடவில்லை.

இந்த வரிசையின் உண்மையான பயன், அதன் ஆலோசகரான மார்ட்டின் எட்வர்ட்ஸின் முன்னுரைகள். போகிற போக்கில் அவர் சொல்லும் பெயர்கள் அடுத்த வேட்டைக்கு வழிகாட்டும். கதையை முடித்த பிறகு படிப்பது என் வழக்கம். ஆன்லைன் கடைகளின் 'உங்களுக்கும் பிடிக்கலாம்' பட்டியலோ, கிறிஸ்டி வாங்கியவனிடம் மறுபடி கிறிஸ்டியையே நீட்டுகிறது.

மைக்கேல் கில்பர்ட்டையும் விடக் கூடாது. அவரே வழக்கறிஞர். 'ஸ்மால்போன் டிசீஸ்டு' (1950) நாவலில், லண்டன் சட்ட அலுவலகம் ஒன்றில் பத்திரங்கள் வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பிணம். அதைவிட அலுவலகத்து வம்பும் பொறாமையும் சுவையாக இருக்கின்றன.

மொத்தமாக மதிப்பெண் போடச் சொன்னால் பாதிக்கு மேல் தரமாட்டேன். வரிசையை வரிசையாகச் சேர்ப்பது பணத்துக்கும் அலமாரிக்கும் கேடு. லோராக் கையெழுத்துப் பிரதியாகவே விட்டுப்போய் 2021இல்தான் அச்சேறிய 'டூ-வே மர்டர்' நாவலுக்கு நேற்று ஆர்டர் கொடுத்திருக்கிறேன். நண்பருக்குக் கில்பர்ட்டை இரவல் தருகிறேன். லோராக்கை அவர் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.