பேக்ஸ்டேவை வெட்டுவதா, கயிற்றில் கம்பி ஏற்றுவதா? பாய்மரப் படகில் ஹாம் ஆண்டெனா

படகுக்கு எந்த ஹாம் (அமெச்சூர்) ரேடியோ வாங்குவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்கூட ஆண்டெனா விஷயத்தில் முதலில் காதில் விழுந்த யோசனைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். நியாயமாக இது நேர்மாறாக இருக்க வேண்டும். 100 வாட் சிற்றலை ரேடியோக்களுக்குள் நடுக்கடலில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. படகுக்காரர்கள் கூடும் 14.300 மெகாஹெர்ட்ஸில் உங்கள் குரல் எடுபடுமா என்பதைத் தீர்மானிப்பது ஆண்டெனாதான்.

முதல் வழி, பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு இறங்கும் பேக்ஸ்டே என்ற எஃகு வடத்தை இரண்டு இடங்களில் வெட்டி, மின்சாரத்தைக் கடத்தாத இன்சுலேட்டர் வைத்து, நடுத்துண்டை ஆண்டெனாவாக்குவது. இரண்டாவது, உள்ளீடற்ற பின்னல் கயிற்றுக்குள் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியைக் கோத்து, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு ஒன்றில் கட்டி மேலே இழுப்பது. மூன்றாவது, பின்முனையில் ஏழு மீட்டர் உயர ஃபைபர் கம்பம். கம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாய்மரம் முறிந்தாலும் அது நிற்கும், ஆனால் 80 மீட்டர் அலைவரிசைக்கு அந்த நீளம் மிகக் குறைவு. சூரியத் தகடுகளுக்கும் காற்றுச் சுக்கானுக்கும் இடையே அதற்கு இடம் தேடுவதும் ஒரு வேலை.

நான் கயிற்றின் பக்கம். என் படகில் இருப்பதும் அதுதான்.

நில இணைப்பில் இரண்டுக்கும் ஒரே பாடுதான்: ஆண்டெனாவை ரேடியோவோடு இசைவிக்கும் ட்யூனரிலிருந்து அகலமான செப்புத் தகடு, கடல்நீரோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு. அதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

நீளத்தில் கயிற்றுக்கு ஒரு சலுகை உண்டு. 14.300 அடங்கிய 20 மீட்டர் அலைவரிசையில் அரை அலைநீளம் ஏறக்குறைய பத்தரை மீட்டர். ஆண்டெனா அந்த நீளத்தை நெருங்கினால் அடிமுனையில் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு எதிர்ப்பு, எக்கச்சக்கமாக ஏறிவிடும். தானியங்கி ட்யூனர் ரிலேக்களைக் கடகடவென்று தட்டிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கும். நடுத்தரப் படகுகள் பலவற்றில் இன்சுலேட்டர்களுக்கு இடைப்பட்ட பேக்ஸ்டே வந்து நிற்பது இந்த நீளத்துக்குப் பக்கத்தில்தான். கயிற்றுக்குள் இருக்கும் கம்பியையோ ஒன்பது மீட்டராகவோ பன்னிரண்டாகவோ நம் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இதுவல்ல, பராமரிப்பு. வெட்டப்படாத பேக்ஸ்டேவுக்கு முனையங்கள், அதாவது வடத்தின் நுனியைப் பிடிக்கும் உலோகப் பொருத்திகள், இரண்டே. இன்சுலேட்டர்கள் வந்ததும் ஆறு. புதிதாகச் சேரும் நான்கில் இரண்டின் வாய் வானத்தைப் பார்த்திருக்கும்; வடத்தின் புரிகள் வழியே வழியும் உப்புநீர் நேராக அதற்குள் இறங்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். அது சிதைந்த இடத்தில் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். முனையத்துக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், உப்பு மட்டும் மிஞ்சும். வெளியே பளபளவென்றிருக்கும் எஃகு உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கும். விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அதிர்ஷ்டம். அழுத்திப் பொருத்திய முனையமென்றால் திறந்து பார்க்கவும் வழியில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

இன்சுலேட்டரைக் குறை சொல்ல மாட்டேன். உடைந்தாலும் இரு வடத்துண்டுகளும் ஒன்றையொன்று விட்டுவிடாத அமைப்பில் நல்ல இன்சுலேட்டர்கள் கிடைக்கின்றன. என் பயம் முனையங்களைப் பற்றியது. அவற்றில் ஒன்று விட்டுக்கொடுத்தால் போவது பேச்சு மட்டுமல்ல, பாய்மரமே போகலாம். கயிற்று ஆண்டெனா அறுந்தால் அன்று மாலை யாரோடும் பேச முடியாது, அவ்வளவுதான். மறுநாள் இறக்கி, மடியில் வைத்து, பற்றவைத்து, மறுபடி ஏற்றிவிடலாம். படகை விற்கும்போதும் இது வரும்: ரேடியோவில் ஆர்வமில்லாதவர் வாங்கினால், அவருக்குப் பயன்படாத நான்கு முனையங்களை அவர் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கயிற்றுக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. அடிமுனையில் ட்யூனர் கம்பி சேரும் இணைப்பைச் சுற்றிய டேப்பைப் பிரித்தால் பச்சைப் பொடி கொட்டும். நீர் கம்பிக்குள்ளேயே ஊறி ஏறியிருக்கும். கறுத்த பகுதியை, பளிச்சென்ற உலோகம் வரும்வரை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அதனால் முதலிலேயே ஓரடி கூடுதலாக விட்டுவைப்பது நல்லது. உச்சியில் கப்பி உரசும் இடத்தில் கயிறு தேயும். ஓர் ஆஞ்சான் எப்போதும் இதற்கே போய்விடும். பேக்ஸ்டேவை ஒட்டி ஏற்றினால் அந்த எஃகு சக்தியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், அடிமுனையை ஒரு மீட்டராவது பக்கவாட்டில் தள்ளிக் கட்டுங்கள். ஒலிபரப்பும்போது எந்த ஆண்டெனாவையும் தொடக் கூடாது. தொட்டால் சுட்டுவிடும், அந்தச் சூடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கும்.

எதிர்முனையில் குரல் எடுபடுவதில் பேக்ஸ்டே சற்று மேல் என்று சொல்பவர்கள் உண்டு. பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த அப்படிப்பட்ட படகோடு மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்ததில், எதிர்முனையில் இருந்தவரால் எது எதென்று சொல்ல முடியவில்லை. கருவி வைத்து அளந்ததல்ல, காதை நம்பிச் சொல்வது. இரண்டுக்கும் அடியில் கடல்நீர் என்ற அருமையான தரை விரிந்து கிடக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புயல் விஷயத்தில் என் வாதம் தளர்கிறது. பலத்த காற்று என்றால் நான் கயிற்றை இறக்கிவிடுகிறேன், அது அடித்துக்கொள்ளும் சத்தம் தாங்காது. பேக்ஸ்டே அப்போதும் மேலேயே இருக்கும், பேசவும் தயாராக இருக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்து முரட்டுக் கடலில் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அப்படிப் போயிராத நான் எடைபோட முடியாது.

இன்னும் இரண்டு விதிவிலக்குகள். பின்னால் இரட்டை பேக்ஸ்டே உள்ள படகென்றால் ஒன்றை வெட்டலாம், மற்றது மரத்தைப் பிடித்திருக்கும். என் அச்சம் பெருமளவு அங்கே செல்லாது. பேக்ஸ்டே எஃகு வடமாக இல்லாமல் டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு என்றால் அது மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மீதே கம்பியை ஓட்டிக் கட்டிவிடலாம், இன்சுலேட்டரும் வேண்டாம், ஆஞ்சானும் மிச்சம்.