ஜவ்வரிசி லோடும் பஞ்சாங்கமும்: பருவகால ரிக்ரஷனோடு ஆறு வருடம்

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், விற்பனைக் கணக்கு பார்க்கிறேன். அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை மூட்டை வெளியே போகும் என்று முன்கூட்டிச் சொல்வது என் பொறுப்பு. எங்கள் தொழிலில் மூட்டை என்றால் 90 கிலோ. மரவள்ளிக்கிழங்கு வரத்து இருக்கும்போது அரைத்துக் குடோனில் அடுக்கிவிடலாம், ஆனால் அடுக்கிய ஒவ்வொரு மூட்டையும் முடங்கிய பணம். அடுக்காமல் விட்டால், வடக்கே இருந்து ஆர்டர் குவியும் நேரத்தில் கையை விரிக்க வேண்டும்.

2019 கடைசிவரை போன வருடம் அதே மாதம் போன மூட்டையை எடுத்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லிக்கொண்டிருந்தேன். அது மோசமான வழி இல்லை. இன்றைக்கும் புதிதாக எந்த முறையைப் போட்டாலும் முதலில் அதோடுதான் ஒப்பிடுகிறேன். அதைத் தாண்டாத முறையை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

அப்புறம்தான் பருவகால ரிக்ரஷனுக்கு வந்தேன். பழைய விற்பனையை வைத்து, ஒவ்வொரு காரணமும் விற்பனையை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஒரு எண்ணாகக் கண்டுபிடிக்கும் கணக்கு அது. 2014 ஏப்ரலில் இருந்து லெட்ஜரில் இருந்ததை மாதத்துக்கு ஒரு வரியாக எக்செல்லில் ஏற்றினேன். 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் ஒரு பத்தி, அது நீண்டகாலப் போக்குக்கு. பிறகு மாதங்களுக்கு டம்மி பத்திகள்: பிப்ரவரி வரியில் பிப்ரவரி பத்திக்கு மட்டும் 1, மற்றதெல்லாம் 0. பன்னிரண்டு மாதத்துக்கும் பத்தி போடக் கூடாது, பதினொன்றுதான். ஜனவரியை அடிப்படையாக விட்டுவிட வேண்டும். பன்னிரண்டையும் போட்டால் அவற்றின் கூட்டுத்தொகை எல்லா வரியிலும் 1 ஆகிவிடும், எல்லா வரிக்கும் பொதுவான அடிப்படை எண்ணையும் (மாறிலி) மாதங்களையும் கணக்கால் பிரித்தறிய முடியாது.

மூட்டை எண்ணிக்கையை அப்படியே போடாமல் அதன் லாக் (மடக்கை) மதிப்பைப் போட்டது நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. வியாபாரம் பெருகப் பெருகப் பருவ ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. லாக் போட்டால் அது சதவீதக் கணக்காக அடங்கிவிடும். ஆகஸ்ட் பத்திக்கு 0.26 என்று வந்தது. லாக்கைத் திருப்பிப் பழைய எண்ணாக்கினால் (எக்செல்லில் EXP) 1.30. முதலாளியிடம் இதைச் சொல்வது சுலபம்: “ஜனவரியில 100 மூட்டை போனா ஆகஸ்டுல 130 போகுதுங்க.” இந்த முறையை நான் விடாமல் வைத்திருக்கக் காரணமே இதுதான். ஒவ்வொரு எண்ணையும் மேஜைமேல் வைத்து, இது சரியா தப்பா என்று தொழில் தெரிந்தவரோடு வாதாட முடிகிறது.

அப்படி ஒரு வாதம்தான் 2023இல் எனக்குக் கண்ணைத் திறந்தது.

அந்த ஜூலை முதல் வாரத்தில் பெரிய ஆர்டர் வரும் என்று என் கணக்கு சொன்னது. லாரிக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டோம். வரவில்லை. ஆர்டர் சூடு பிடிக்க இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போனது. முதலாளி கோபப்படவில்லை, கேள்விதான் கேட்டார்: “ஏன் தம்பி, பூனாக்காரன் ஜூலையப் பாத்தா வாங்குறான்? அவன் விரதத்தப் பாத்துல்ல வாங்குறான்!”

எங்கள் ஜவ்வரிசியில் பெரும்பங்கு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போகிறது. அங்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி. ஸ்ராவண மாதமும் நவராத்திரியும் சிவராத்திரியும் எங்களுக்கு அறுவடைக் காலம் மாதிரி. நமக்கு ஆடி பிறப்பதும் தை பிறப்பதும் ஆங்கிலத் தேதியில் ஒரு நாள் முன்னே பின்னே போகுமே தவிர நகராது, ஏனென்றால் நம் மாதம் சூரியனை வைத்து. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மாதம் அமாவாசையை வைத்து. 2023 ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது நினைவிருக்கும்: ஜூலை 17, ஆகஸ்ட் 16. நமக்கு அது ஆடியில் இன்னொரு அமாவாசை, அவ்வளவுதான். அவர்களுக்கு அது ஒரு முழு அதிக மாதம், அதாவது நிஜ ஸ்ராவணத்துக்கு முன்னால் கூடுதலாகச் சேரும் மாதம். நிஜ ஸ்ராவணம் ஆகஸ்ட் 17இல்தான் தொடங்கியது. முந்தைய வருடம் அதே ஸ்ராவணம் ஜூலை 29இல் தொடங்கியிருந்தது.

அன்று இரவே பஞ்சாங்கத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஆர்டர் விரதத்துக்கு ஏறக்குறைய 30 நாள் முன்னால் வரும் என்பது எங்கள் அனுபவம். எனவே ஒவ்வொரு விரத நாளையும் 30 நாள் முன்னுக்கு இழுத்து, அது எந்த மாதத்தில் விழுகிறதென்று எண்ணி, ஒவ்வொரு விரதத்துக்கும் ஒரு புதுப் பத்தியில் எழுதினேன். 2022 நவராத்திரி செப்டம்பர் 26 முதல் ஒன்பது நாள். முன்னுக்கு இழுத்தால் ஆகஸ்ட் 27. ஆக அந்த வருடம் நவராத்திரிப் பத்தியில் ஆகஸ்டுக்கு 9இல் 5 பங்கு, செப்டம்பருக்கு 4 பங்கு. 2023இலும் 2024இலும் முழுக்கச் செப்டம்பர். 2025இல் செப்டம்பர் 22இலேயே நவராத்திரி தொடங்கியதால் ஏறக்குறைய எல்லாமே ஆகஸ்ட். மாத டம்மியை மட்டும் நம்பியிருந்தால் 2025 செப்டம்பருக்குச் சரக்கை அடுக்கிவைத்து ஆகஸ்டைக் கோட்டை விட்டிருப்பேன். விடவில்லை, ஆகஸ்ட் லோடு சரியாகப் போனது.

விரதப் பத்திகள் வந்ததும் ஆகஸ்டின் 0.26 சுருங்கி 0.09 ஆனது. ஆகஸ்ட் என்ற மாதத்துக்குத் தனியாகப் பெரிய மகிமை எதுவும் இல்லை, அதில் வந்து விழுந்த விரதங்களின் வேலைதான் அது. இதைத் திரையில் பார்த்தபோது கிடைத்த நிறைவைச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: விரதம் மாதம் மாறி மாறி விழுந்த வருடங்கள் போதுமான அளவு இருந்தால்தான் கணக்கு இரண்டையும் பிரித்தறியும். மூன்று வருட டேட்டாவில் இதை முயற்சி செய்ய வேண்டாம். ஏழெட்டு வருடமாவது வேண்டும்.

எக்செல்லின் ரிக்ரஷன் கருவி 16 மாறிகள் வரைதான் ஏற்கும். போக்கு ஒன்று, மாதம் பதினொன்று, ஸ்ராவணம், நவராத்திரி, சிவராத்திரி, 2020 ஊரடங்குக்கு ஒன்று: சரியாகப் பதினாறு. வசந்த காலத்தில் வரும் சைத்ர நவராத்திரிக்குப் பதினேழாவது பத்தி தேவைப்பட்டபோது எக்செல்லிலேயே இருக்கும் லினெஸ்ட் (LINEST) ஃபார்முலாவுக்கு மாறினேன். அது 64 வரை தாங்கும். ஆனால் விடைகளை வலமிருந்து இடமாகத் தலைகீழ் வரிசையில் தரும். இதைக் கவனிக்காமல் பிப்ரவரியின் எண்ணை வேறொரு பத்தியின் எண்ணாக ஒரு வாரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

எச்சங்களையும், அதாவது கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசங்களையும், பார்க்க வேண்டும். என் பிழைகள் தொடர்ந்து நான்கைந்து மாதம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒரு மாதப் பிழை அடுத்த மாதத்துக்கும் தொடர்கிறதா என்று காட்டும் டர்பின் வாட்சன் எண் 2க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, எனக்கு 1.1 வந்தது. இப்போது போன மாதப் பிழையில் ஏறக்குறைய பாதியை அடுத்த மாதக் கணிப்பில் சேர்த்துவிடுகிறேன். கிட்ட இருக்கும் மாதங்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது, மூன்றாவது மாதத்துக்கு அவ்வளவாக இல்லை.

இந்த முறைக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. 2020இல் கேரளாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியது. 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு எதிரான ஒட்டுண்ணிக் குளவியை வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கிழங்கின் பாயிண்ட் விலை (மாவுச்சத்து அளவை வைத்துப் போடும் விலை) என்ன ஆகும், விவசாயி அடுத்த பட்டத்துக்கு மரவள்ளி போடுவாரா மக்காச்சோளத்துக்குப் போவாரா என்பதை எந்த மாத டம்மியும் சொல்லாது. அதற்கு வயல் வழியாகப் போகும் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன், கணிப்பைக் கையால் திருத்தினேன், திருத்தியதைத் தனிப் பத்தியில் குறித்தும் வைத்தேன்.

சமீபத்திய மாதங்களுக்கு அதிக எடை கொடுத்துக் கணிக்கும் ஹோல்ட் வின்டர்ஸ் முறையையும் இணையாக ஓட்டிப் பார்த்தேன். கடைசி 12 மாதத்தை மறைத்துவைத்துச் சோதித்ததில் சாதாரண மாதங்களில் இரண்டும் ஏறக்குறைய சமம். விரத மாதங்களில் ரிக்ரஷன் தெளிவாக முந்தியது, ஏனென்றால் பஞ்சாங்கத்தை உள்ளே எழுத அதில்தான் இடம் இருக்கிறது.

2026க்கான பத்திகளை நிரப்பிவிட்டேன். மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக மாதம், அதனால் ஸ்ராவணம் ஆகஸ்ட் 13க்குத் தள்ளிப்போகிறது, நவராத்திரி அக்டோபர் 11. ஜூலை முதல் பத்து நாளுக்கு லாரி சொல்ல வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். சுவரில் இருந்த காலண்டரை எடுத்துத் தேதிகளைத் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஜூலை 14இல் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.